கார் விளக்கு ஏன் மினுக்குகிறது? – டைனமோ முதல் ஆல்டர்னேட்டர் வரை

இரவுப் பயணத்தில் காரின் முகப்பு விளக்குகள் மங்கி மங்கி எரிந்தால் உடனே பேட்டரியை மாற்றிவிடுவது பலரது வழக்கம். புது பேட்டரி போட்ட சில நாட்களிலேயே வண்டியை மறுபடி தள்ள வேண்டி வருவதும் உண்டு. காரணம் எளியது. பேட்டரி என்பது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் தொட்டி மட்டுமே. தொட்டியை நிரப்பும் வேலை வேறொரு கருவியுடையது. அந்தக் கருவி கடந்த நூறு ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. அது மாறியபோதெல்லாம் விளக்கு மினுக்கும் விதமும் மாறியது. ஆகவே இந்த வரலாற்றை அறிந்தவருக்கு, கோளாறு எங்கே என்பதை அந்த மினுக்கலே பாதி சொல்லிவிடும்.

பேட்டரி இல்லாத விளக்கு

முதற்காலக் கார்களில் மின்விளக்கே கிடையாது. கால்சியம் கார்பைடின் மீது தண்ணீரைச் சொட்ட விட்டு, அதில் உண்டாகும் அசிட்டிலீன் வாயுவை எரித்தே வெளிச்சம் பெற்றனர். 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரும் இப்படித்தான் ஓடியது.

1915-இல் மாடல் டி-க்கு மின்சார முகப்பு விளக்கு வந்தது. ஆனால் அதற்குப் பேட்டரி இல்லை. இன்ஜினின் ஃபிளைவீலில் பொருத்திய காந்தங்கள் சுழன்று உண்டாக்கிய மின்சாரம் நேராக விளக்குக்குப் போனது. இதற்கு மாக்னெட்டோ என்று பெயர். பழைய சைக்கிள் டைனமோ விளக்கைப் பார்த்தவர்களுக்கு இதன் சிக்கல் புரியும். வேகமாக மிதித்தால் பிரகாசம், மெதுவாக மிதித்தால் மங்கல். காரிலும் அதே கதைதான். மேடு பள்ளம் பார்த்து மெதுவாகப் போக வேண்டிய இடத்தில்தான் வெளிச்சம் குறைந்தது. வெளிச்சம் வேண்டுமென்று இன்ஜினை மிகவும் உறும விட்டால் பல்பு பீஸாகிப் போனது.

கெட்டரிங்கும் 'செல்ஃப்'பும்

அக்காலத்தில் காரைக் கிளப்ப முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி திருப்பி அடிக்கும். அப்படிக் கை எலும்பு முறிந்தவர்கள் பலர்.

இதற்கு முடிவு கட்டியவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் டேட்டன் நகரில் பணியாற்றிய சார்லஸ் கெட்டரிங். அவர் முன்பு கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்தை மின்மோட்டாரால் இயக்கிக் காட்டியவர். மோட்டார் சில விநாடிகள் மட்டும் வேலை செய்தால் போதும் என்றால், சிறிய மோட்டாரிடமிருந்தே பெரிய வேலையை வாங்கலாம் என்பது அவர் கண்ட உண்மை. அதே உத்தியை அவர் இன்ஜினுக்கும் பயன்படுத்தினார். 1912 காடிலாக் கார் மின் ஸ்டார்ட்டருடன் வெளிவந்தது. நம் ஊர்களில் இன்றும் 'செல்ஃப் எடுக்கவில்லை' என்று சொல்வது இந்த செல்ஃப் ஸ்டார்ட்டரைத்தான்.

ஸ்டார்ட்டர் வந்ததும் பெரிய பேட்டரி கட்டாயமானது. கிளப்பும்போது காலியாகும் பேட்டரியை ஓடும்போது நிரப்பியாக வேண்டும். அதனால் சார்ஜிங் கோளாறு என்ற ஒன்றும் காருடன் கூடவே வந்து சேர்ந்தது எனலாம்.

டைனமோ காலம்

பேட்டரியை நிரப்பும் பொறுப்பு டைனமோவிடம் வந்தது. அதில் மின்சாரம் உண்டாகும் கம்பிச் சுருள்தான் சுழலும். உண்டான மின்சாரம் முழுவதும் கார்பன் பிரஷ்கள் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது டைனமோவால் பெரிதாக எதுவும் தர இயலாது. சிக்னலில் நின்றால் விளக்கு மஞ்சளாகும், ஆம்ப் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும். அன்று அது கோளாறு அல்ல, இயல்பு.

தொடக்கத்தில் டைனமோவின் அளவைக் கட்டுப்படுத்த 'மூன்றாம் பிரஷ்' என்ற எளிய ஏற்பாடு இருந்தது. பேட்டரி நிரம்பியதா என்று அதற்குத் தெரியாது. பகலில் நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் பேட்டரி கொதித்துவிடாமல் இருக்க முகப்பு விளக்கை வேண்டுமென்றே எரியவிட்டு ஓட்டியதும் உண்டு. 1930-களில் வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் பரவலானது. அதற்குள் சிறு தொடுமுனைகள் இடைவிடாமல் துடித்து மின்னழுத்தத்தைச் சமன் செய்தன. அத்துடன் 'கட்-அவுட்' என்ற ரிலேவும் இருந்தது. வண்டி நிற்கும்போது பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் தடுப்பது அதன் வேலை. இந்தத் தொடுமுனைகள் கருகினால் விளக்கு படபடவென்று துடிக்கும்.

ஆறும் பன்னிரண்டும்

அக்காலக் கார்களில் பெரும்பாலும் 6 வோல்ட் மின்சாரமே இருந்தது. 60 வாட் விளக்குக்கு 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் தேவை, 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும். துருப்பிடித்த ஒரே இணைப்பில் 10 ஆம்பியர் போகும்போது இழப்பு நான்கு மடங்காகிறது. இழை பல்பில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1950-களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறியபோது மங்கல் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

பிரிட்டனில் ஜோசப் லூகாஸ் தொடங்கிய நிறுவனத்தின் மின்கருவிகளைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. அதன் சுவிட்சுக்கு மூன்று நிலைகளாம்: மங்கல், மினுக்கல், அணைவு! உண்மையில் பழைய கார்களில் பல நேரங்களில் குற்றவாளி துருப்பிடித்த எர்த் இணைப்பே. இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் தொடங்கப்பட்டு, பாடியில் வாகன மின்கருவிகள் தயாராயின. அங்கே பேருந்து நிறுத்தத்தைக்கூட மக்கள் 'லூகாஸ்' என்றே அழைக்கின்றனர்.

ஆல்டர்னேட்டரின் வருகை

ஐடிலிலும் போதிய மின்சாரம் வேண்டும் என்ற தேவை முதலில் ரேடியோ பொருத்திய போலீஸ் வாகனங்களுக்கே எழுந்தது. மாறுமின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அதற்கு ஏற்றது. ஆனால் அதை நேர்மின்சாரமாக மாற்றும் கருவி பெரிதாகவும் விலை கூடியதாகவும் இருந்தது. சிலிக்கான் டையோடு வந்து அந்தத் தடையை நீக்கியது. 1960 மாடல் கிரைஸ்லர் வேலியன்ட் கார் ஆல்டர்னேட்டருடனேயே விற்பனைக்கு வந்தது.

ஆல்டர்னேட்டரில் மின்சாரம் தரும் சுருள் அசையாமல் நிற்கிறது. காந்தமே சுழல்கிறது. பிரஷ்கள் வழியே போவது சில ஆம்பியர் மட்டுமே. அதனால் இதை இன்ஜினைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாகச் சுழற்ற முடிகிறது. கட்-அவுட் வேலையை டையோடுகளே பார்த்துக்கொள்கின்றன.

மினுக்கல் சொல்லும் செய்தி

- ஐடிலில் மங்கி, ஆக்சிலேட்டரை மிதித்தால் பிரகாசமானால்: பெல்ட் நழுவுகிறது, அல்லது பிரஷ் தேய்ந்து ஆல்டர்னேட்டர் பலவீனமாகியுள்ளது.
- பள்ளத்தில் இறங்கி ஏறும்போது மட்டும் மினுக்கினால்: பேட்டரி டெர்மினல் அல்லது எர்த் தளர்ந்துள்ளது.
- இன்ஜின் வேகத்துடன் சேர்ந்து விடாமல் படபடத்தால்: டையோடு பழுதாகியிருக்கலாம்.
- பல்புகள் அடிக்கடி பீஸாகிப் போனால்: ரெகுலேட்டர் அளவுக்கு மீறி அனுப்புகிறது.

நல்ல பேட்டரி, வண்டி நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். கணினி கட்டுப்பாடு உள்ள புதிய கார்களில் இந்த அளவு தேவைக்கேற்பக் கூடிக் குறையும். அதை உடனே கோளாறு என்று முடிவு செய்துவிடக் கூடாது.

பழைய பழக்கம் ஒன்று மட்டும் ஆபத்தானது. ரெகுலேட்டர் பொருத்திய டைனமோ வண்டியில், இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி அணையாவிட்டால் 'சார்ஜ் சரி' என்று சொல்வார்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் இதைச் செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறி டையோடுகளையும், காரின் கணினியையும் சேர்த்து எரித்துவிடும். சில நூறு ரூபாய் மல்டிமீட்டரில் முடிய வேண்டிய சோதனை பல ஆயிரம் ரூபாய் இழப்பில் போய் நிற்கும். டைனமோ போய்விட்டது, டைனமோ காலத்துக் கைப்பழக்கமும் அதனுடன் போவதே நல்லது.