ஆயாவின் திரும்பு டிக்கெட்

கைக்குழந்தையைக் காப்பகத்தில் விடலாமா, வீட்டோடு முழுநேர ஆயா ஒருவரை வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற பெற்றோர் குழந்தையை முன்வைத்தே யோசிக்கிறார்கள். காப்பகத்தில் பல பிள்ளைகளுக்கு ஓரிருவர். வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஒருவர். பசி, தூக்கம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஒரே மடி. இந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த ஒருவர் எந்த ஏற்பாட்டின்பேரில் வருகிறார், அவர் பெற்ற பிள்ளை அந்நேரம் யாரிடம் இருக்கிறது, வேலை முடிந்த மறுநாள் அவர் எங்கே போவார் என்பவை அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. ஆயா தொழிலின் வரலாறோ இந்த மூன்று கேள்விகளையே திரும்பத் திரும்ப எழுப்புகிறது. வீட்டில் ஆள் வைத்துப் பிள்ளை வளர்ப்பது குறையுள்ள முறை அல்ல. அதைச் சட்டத்தின் கண் படாத முறையாக விட்டுவைத்திருப்பதே குறை என்று நான் கருதுகிறேன்.

தமிழ் இலக்கியம் இந்த உறவுக்கு ஓர் இலட்சிய வடிவம் தந்திருக்கிறது. அகப்பாடல்களில் தலைவியை வளர்ப்பவள் செவிலி. நற்றாய் பேசுவதைவிட அவள் அதிகம் பேசுகிறாள். மகள் உடன்போக்கில் போய்விட்டால் தேடிப் புறப்படுகிறவளும் அவள்தான். தலைவியின் உயிர்த்தோழியாக வருபவள் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். அதாவது, வளர்ப்பவளின் சொந்தப் பிள்ளையும் அதே வீட்டில், அதே மடியில் வளர்கிறது. இது செல்வர் மனையைப் பற்றிய புனைவு. கூலி வரலாறு அல்ல. செவிலிக்கு என்ன கொடுத்தார்கள், அவள் விரும்பினால் விலகிப்போக முடிந்ததா என்பதைப் பாட்டிலிருந்து அறிய முடியாது. ஆனாலும் வளர்ப்பவளுக்குக் குரலும் பிள்ளையும் உண்டு என்று அந்த மரபு ஒப்புக்கொண்டது. பின்னால் வந்த ஏற்பாடு இந்த இரண்டையும் எடுத்துவிட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சென்னை, கல்கத்தா, பம்பாய் ஆகிய ஊர்களின் ஆங்கிலேயர் வீடுகளில் ஆயா என்பது தனித் தொழிலாக நிலைபெற்றது. 1765ஆம் ஆண்டையொட்டி ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ஜார்ஜ் கிளைவ் குடும்பத்தின் ஓவியத்தில், மண்டியிட்டபடி குழந்தையைத் தாங்கிப் பிடித்திருக்கும் இந்தியப் பெண்ணைக் காணலாம். ஓவியத்தின் தலைப்பில் குடும்பத்தின் பெயர் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. குழந்தைகள் ஆயாவோடு எவ்வளவு ஒட்டி வளர்ந்தார்கள் என்பதற்கு ருட்யார்ட் கிப்ளிங்கின் தன்வரலாறே சான்று. 1865இல் பம்பாயில் பிறந்த அவர் வேலையாட்களின் மொழியில்தான் யோசித்தார். பெற்றோரிடம் போகும்போது ஆங்கிலத்தில் பேசும்படி நினைவுபடுத்தி அனுப்ப வேண்டியிருந்தது. ஆறு வயது நிரம்புமுன்பே, 1871இல், அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்நாளில் ஆங்கிலேயக் குடும்பங்களின் வழக்கம் அது. பிள்ளை போனதும் ஆயாவின் வேலையும் போய்விடும். பாலூட்ட அமர்த்தப்பட்டவர்களின் நிலை இன்னும் கொடியது. முதலாளியின் குழந்தைக்குப் பால் கொடுத்தவரின் குழந்தை வேறொருவர் பொறுப்பில், வேறெதையோ குடித்து வளர்ந்தது.

கப்பல் பயணங்களில்தான் இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பு வெளியே தெரிகிறது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் நீண்ட பயணம், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் வாரக்கணக்காகச் சுருங்கியது. விடுப்பில் ஊர் போகும் குடும்பங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவையும் கூட்டிப்போயின. அலைநோயில் படுத்துவிட்ட எசமானியையும் அவரே பார்த்துக்கொண்டார். லண்டனில் இறங்கியதும் பலருக்கு வேலை முடிந்துவிட்டது. இந்திய வேலையாட்களை அழைத்து வருவோர் அவர்களைத் திருப்பியனுப்பும் செலவுக்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று கம்பெனி விதி வைத்திருந்தது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டதே, கைவிடுவது எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதைக் காட்டுகிறது. 1908இல் ஓர் ஆயா ஒரே ஒரு பவுண்டுடன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் விடப்பட்டார். லண்டனில் ஆல்ட்கேட் பகுதியில் இருந்த ஆயாக்கள் இல்லம் 1900இல் ஹாக்னிக்கு மாறி, லண்டன் சிட்டி மிஷனின் பொறுப்பில் நடந்தது. ஆண்டுக்குச் சுமார் 100 பேர் தங்கிப்போனார்கள். எசமானர் கொடுத்துவிட்டுப்போன திரும்பு டிக்கெட்டை இல்லத்தின் மேற்பார்வையாளர் வாங்கி வைத்துக்கொள்வார். இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பத்துக்கு ஆயா தேவைப்படும்போது அந்தக் குடும்பம் டிக்கெட்டை விலைக்கு வாங்கும். அந்தப் பணத்தில்தான் ஆயாவின் சாப்பாடும் தங்கலும் நடந்தன. டிக்கெட் இல்லாமல் விடப்பட்டவர் அறக்கொடையை நம்பியே இருந்தார். மிஷன் அவர்களுக்குச் சோறு போட்டது, கூடவே மதம் மாற்றவும் முயன்றது. அந்த இல்லம் இருந்த கிங் எட்வர்ட்ஸ் சாலை 26ஆம் எண் கட்டடத்தில் 2022இல்தான் நினைவுப் பலகை வைக்கப்பட்டது.

ஆயாக்களின் நிலையை இப்படிச் சொல்வதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. முதலாவது, ஆயாக்களுக்கு மற்ற வேலைகளைவிட நல்ல கூலி கிடைத்தது, சிலர் விரும்பியே கடல் கடந்தார்கள் என்பது. உண்மைதான், ஐம்பது தடவைக்கு மேல் பயணம் போன ஆயாவும் இருந்திருக்கிறார். ஆங்கிலம் அறிந்த சென்னை ஆயாக்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஆனால் அவர்களைக் காப்பாற்றியது நற்சான்றுக் கடிதமும், முன்கூட்டிப் பேசிய கூலியும், கையிலிருந்த டிக்கெட்டும். ஆகவே இந்த மறுப்பு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. இரண்டாவது மறுப்பு, அந்த வீடுகளில் உண்மையான பாசம் இருந்தது என்பது. அதையும் நான் மறுக்கவில்லை. ஆயாவைப் பிரிந்த குழந்தைகள் முதுமைவரை அவர்களை நினைத்திருந்ததற்கு நினைவுக்குறிப்புகள் சாட்சி. ஆனால் பாசம் வைத்தவர்கள் குழந்தைகள். கணக்குப் பார்த்தவர்கள் பெரியவர்கள். இன்றும் “எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி” என்று சொல்கிறோம். வீட்டில் ஒருத்திக்கு வார விடுப்பும் நோய்க்கால ஊதியமும் எழுதிக்கொடுக்கும் வழக்கம் இல்லை என்பதால், அந்தப் பேச்சு பெரும்பாலும் ஆயாவுக்குப் பாதகமாகவே முடிகிறது.

காப்பகத்தின் வரலாறு வேறு பாதையில் போனது. அதுவும் கருணையில் பிறக்கவில்லை. மலைத்தோட்டங்களில் பிள்ளைக் காம்பராக்கள் எனப்பட்ட காப்பகங்கள், தாய்மார் கொழுந்து பறிக்கப் போக வேண்டும் என்ற தோட்டத்துரையின் தேவையால் வந்தவை. பலவற்றின் நிலை மோசமாக இருந்தது. ஆனால் அது நாலு பேர் கண்ணில் படும் இடம் என்பதால் சட்டம் உள்ளே நுழைய முடிந்தது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் காப்பகம் வேண்டும் என்றது. பின்னர் அந்த வரம்பு 30ஆகக் குறைந்தது. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டமும், 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டமும் அதே வழியில் வந்தன. இவை ஒழுங்காக நிறைவேறவில்லை என்று குறைகூற நிறைய இருக்கிறது. குறைகூறுவதற்கு ஒரு விதியாவது இருக்கிறதே. வீட்டு வாசலுக்குள் அந்த விதி வரவில்லை.

விதி வராத வீட்டுக்குள் என்ன நேரும் என்பதற்கு இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் கதையைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. வயதைக் கூட்டிக்காட்டிய கடவுச்சீட்டில் 2005இல் சவூதி அரேபியாவுக்கு வீட்டுவேலைக்குப் போனார். பிறப்புச் சான்றின்படி அப்போது அவருக்கு 17 வயது. பிள்ளை வளர்க்கப் பயிற்சி எதுவும் இல்லாத அவர் பொறுப்பில் நான்கு மாதக் குழந்தை விடப்பட்டது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்றார் அவர். கொன்றார் என்றது நீதிமன்றம். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. 2013 ஜனவரி 9 அன்று மரண தண்டனை நிறைவேறியது. குழந்தையையும் அந்தப் பெண்ணையும் ஒருசேரப் பாதுகாத்திருக்கக்கூடியவை வயது வரம்பும் பயிற்சியும் துணைக்கு இன்னொரு ஆளும். அதே ஆண்டு இலங்கை அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போவதைத் தடுத்து விதி செய்தது. ஆயாவின் சொந்தப் பிள்ளையை ஓர் அரசு ஒருவழியாக நினைத்துப் பார்த்தது. ஆனால் அந்தச் சுமையையும் தாயின் தலையிலேயே ஏற்றியது.

அப்படியானால் காப்பகம் மட்டுமே போதும் என்று சொல்லிவிடலாமா? முடியாது. இரவுப்பணி செவிலியர், குறைமாதக் குழந்தையின் பெற்றோர், ஊர் ஊராக மாற்றலாகும் குடும்பம் ஆகியோருக்குக் காப்பகம் உதவாது; காய்ச்சல் கண்ட பிள்ளையைக் காப்பகம் சேர்க்கவும் சேர்க்காது. வீட்டு ஆயா இவர்களுக்கு அவசியம். நியாயமான கூலியும் விடுப்பும் கொடுத்தால் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது என்பதே கடைசி மறுப்பு. அந்தச் செலவு இதுவரை இல்லாமலிருந்ததில்லை. ஆயாவின் பிள்ளை அதைக் கட்டிவந்தது. கட்டுப்படியாகாதவர்களுக்கு நல்ல பொதுக் காப்பகம் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. கட்டுப்படியாகிறவர்கள், அமர்த்தும் முன்பே வேலைநேரம், வார விடுப்பு, நோய்க்கால ஊதியம், விலக்கும்போது தரவேண்டிய முன்னறிவிப்பு ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். “உங்கள் பிள்ளை யாரிடம் இருக்கிறது?” என்று ஆயாவிடம் கேட்கவும் கேட்கட்டும். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. ஆயாவை அதில் பதிவுசெய்ய உதவட்டும். வீட்டுப் பணியாளருக்கு மற்றத் தொழிலாளருக்குரிய உரிமைகளை வழங்கும் 189ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011இல் ஜெனீவாவில் நிறைவேற்றியது. அன்று ஆதரித்து வாக்களித்த இந்தியா, அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.