குளத்துநீர்க் கண் அழற்சி

குளத்திலும் ஆற்றிலும் குளிக்கும் சிறுவர்களின் கண்ணைத் தட்டைப்புழுவின் இளம்புழு தாக்குவதால் உண்டாகும் நாள்பட்ட அழற்சி. மருத்துவர்கள் ‘யுவியைட்டிஸ்’ என்று அழைக்கும் நோய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியக் கிராமங்களில் இனங்காணப்பட்டது. பெரும்பாலும் ஒரு கண்ணையே பாதிக்கும். நீரில் மணிக்கணக்காக ஆடுபவர்கள் சிறுவர்கள் என்பதால் நோயாளிகளில் ஆண்பிள்ளைகளே அதிகம்.

கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கும். கருவிழிக்குப் பின்னுள்ள முன்னறையின் அடிப்பகுதியில் முத்து நிறத்தில் ஒரு சிறு கட்டி தெரியும். பார்த்தவுடன் காசநோய்க் கட்டியோ என்ற ஐயம் எழும். காசநோய் மலிந்த நாட்டில் அந்த ஐயம் நியாயமானதுதான். ஆனால் ஊர்க் குளத்தில் குளித்தானா என்று கேட்காமல் விட்டால் நோய் பிடிபடாது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் எஸ். ஆர். ரத்தினமும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001இல் இமையிணைப்படலத்தில் வந்த கட்டிகளைப் பற்றியும், 2002இல் கண்ணுக்குள்ளேயே தோன்றும் வகையைப் பற்றியும் ஆய்விதழ்களில் எழுதினர். புழுவின் பெயர் தெரிய மேலும் பல ஆண்டுகள் ஆயின. அறுவையில் எடுத்த கட்டிகளிலிருந்தும், அச்சிறுவர்கள் குளித்த நீரிலிருந்த மெலனாய்டஸ் டியூபர்குலேட்டா என்ற நத்தை வெளியிட்ட இளம்புழுக்களிலிருந்தும் மரபணுக் கூறுகளைப் பிரித்து ஒப்பிட்டபோது, இரண்டுமே புரோசெரோவம் வேரியம் என்ற தட்டைப்புழுவோடு மிக நெருங்கிப் பொருந்தின. இம்முடிவு 2016இல் வெளியானது. சிகிச்சைக்காக எடுத்த திசுவே நோய்க்காரணத்துக்குச் சான்றுமானது.

சிறிய கட்டிக்குக் கத்தி தேவையில்லை. ஸ்டீராய்டு சொட்டுமருந்தும், கண்பாவையை விரிக்கும் மருந்தும் போதும். கட்டி பெரிதானால் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். கருவிழியின் ஓரத்தில் நுண்ணிய துளையிட்டு, நுண்ணோக்கியின் துணையோடு செய்யும் வேலை இது. சிறு பிள்ளைகள் அசையாமல் கிடக்க மாட்டார்கள் என்பதால் முழு மயக்கம் கொடுப்பது வழக்கம். இமையிணைப்படலத்துக் கட்டியை வெட்டி எடுப்பது இதைவிட எளிது.

கவனிக்காமல் நாளானால் சிக்கல் வேறு. கண்பாவை வில்லையோடு ஒட்டிக்கொள்ளும், கண்புரை விழும், கண் அழுத்தம் ஏறும். யுவியைட்டிஸ் வந்த குழந்தைக்குப் புரை அறுவை செய்ய அவசரப்படக் கூடாது. அழற்சி மருந்தால் அடங்கி, குறைந்தது 3 மாதம் அமைதியாக இருந்த கண்ணையே தொடுவது பொதுவான மருத்துவ நடைமுறை. அதேசமயம், அளவுமீறித் தள்ளிப்போட்டாலும் வளரும் வயதில் அந்தக் கண் ‘சோம்பேறிக் கண்’ ஆகிவிடும். எப்போது அறுப்பது என்ற முடிவு, எப்படி அறுப்பது என்பதைவிடக் கடினமானது. மருந்துக்கு அடங்காத கண் அழுத்தத்துக்கு நீர் வடிய வழிசெய்யும் அறுவையோ, வடிகால் கருவி பொருத்துவதோ உண்டு; அத்தகைய கருவி ஒன்றை மதுரை அரோலேப் நிறுவனமே தயாரிக்கிறது.

காரைக்கால் மாவட்டத்துக் குரும்பகரம் போன்ற காவிரிக் கடைமடை ஊர்களில் குளமும் வாய்க்காலும் பிள்ளைகளின் விளையாட்டிடம். நீர்நிலைக்குப் போகவே கூடாதென்று தடுப்பது நடக்கிற காரியமல்ல. குளித்த பின் ஒரு கண் மட்டும் சிவந்து ஆறாவிட்டால், கடையில் மருந்து வாங்கி ஊற்றாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறப்புச் சிகிச்சைக்கு இங்கிருந்து சுமார் 130 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரியில் ஜிப்மரும் அரவிந்த் மருத்துவமனையும் இருக்கின்றன.