மயாமி வடிநிலத்தின் வறண்ட அணைகள்

1913 மார்ச் இறுதியில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிரேட் மயாமி ஆறு பெருக்கெடுத்து டேட்டன் நகரை மூழ்கடித்து, அப்பள்ளத்தாக்கில் 300க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபின், நகரத்தார் தாமே 20 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, ஆர்தர் மார்கன் என்ற பொறியாளரிடம் திட்டப் பணியை ஒப்படைத்தனர். ஓர் ஊரின் கரையை மட்டும் உயர்த்திப் பயனில்லை என்பதால், மழைநீர் வடிந்து ஓர் ஆற்றில் சேரும் நிலப்பரப்பாகிய வடிநிலம் முழுவதையும் ஒரே அலகாகக் கொள்ள இடமளிக்கும் சட்டம் 1914இல் இயற்றப்பட்டு, மறு ஆண்டே அதற்கெனத் தனி அமைப்பும் உருவானது. கடன்பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டிய அவ்வமைப்பு, வெள்ளத் தடுப்பால் ஒவ்வொரு சொத்துக்கும் விளையும் பயனை மதிப்பிட்டு, அதற்கேற்பத் தீர்வை விதித்தது. பயன் பெறுபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடுதான், அணைகளைக் காட்டிலும் பெரிய சாதனை எனலாம். அணைகள் தேக்கும் வெள்ளத்தில், நகரத்தாருக்காகத் தம் நிலம் மூழ்குவதா என்று ஆற்றின் மேற்பகுதி உழவர்கள் எதிர்த்ததும் நியாயமே.

அவ்வமைப்பு கட்டி, 1922இல் நிறைவுற்ற ஐந்து அணைகளும் ‘வறண்ட அணை’ எனப்படும் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் அடியில் கதவில்லாத திறப்புகள் எப்போதும் திறந்தே இருப்பதால் சாதாரண நாட்களில் ஆறு தடையின்றி ஓடும். திறப்புகளை மீறிய வெள்ளம் மட்டுமே பின்புறம் தேங்கி மெல்ல வடியும். மற்ற காலத்தில் அந்நிலத்தில் பயிர் விளையும். 1913இன் வெள்ளத்தைவிட 40 விழுக்காடு கூடுதலான பெருக்கையும் தாங்குமாறு வடிவமைக்கப்பட்ட அவ்வணைகள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.