திண்ணைத் தேர்வுக் குழு

வலங்கைமானைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு மூன்று சங்கதிகள் தெரியும். ஒன்று, பங்குனியில் மாரியம்மன் கோயிலில் நடக்கும் பாடைக் காவடி. இரண்டு, தீபாவளிக்கு இங்கே தயாராகும் வெடி. மூன்று, 1869-ம் ஆண்டு இந்த ஊரில் பிறந்து, ஆங்கிலேயரே காது கொடுத்துக் கேட்கும்படி ஆங்கிலம் பேசிய மகாகனம் சீனிவாச சாஸ்திரியார். நான்காவது சங்கதி ஒன்று உண்டு. அது எந்தச் சரித்திரத்திலும் ஏறவில்லை. இந்திய கிரிக்கெட் கோஷ்டிக்கு ஆள் பொறுக்கும் காரியத்தை எங்கள் தெருத் திண்ணை ஒன்று பல வருஷங்கள் சம்பளமில்லாமல் செய்து வந்தது. அதன் சிபாரிசை யாரும் ஏற்றதில்லை என்பது வேறு விஷயம்.

அந்தத் திண்ணையின் தலைவர் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். அவர் வீட்டில் ரேடியோ இருந்தது. அவருக்கு ஆங்கிலமும் இருந்தது. வர்ணனை ஆங்கிலத்தில் வரும். அவர் அதைத் தமிழில் சொல்லுவார், நடுநடுவே தம் அபிப்பிராயத்தையும் சேர்த்துக்கொண்டு. எது வர்ணனையாளர் சொன்னது, எது வாத்தியார் சொன்னது என்று பிரித்தறிவது கடினம். எதிர்த் திண்ணை மிராசுதார், வெடிக்கடைக்காரர், குத்தகைச் சாகுபடி செய்த பெரியவர் ஒருவர் ஆகியோர் அங்கத்தினர். பத்து வயதுப் பையனாகிய நான் வெற்றிலைச் செல்லத்தை எடுத்துக் கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தேன்.

கிரிக்கெட்டில் வலங்கைமானுக்குப் பாத்தியதை உண்டென்று நிரூபிக்க வாத்தியார் ஒரு வாதம் வைத்திருந்தார். சாஸ்திரியார் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். அந்தப் பள்ளியிலிருந்து சேப்பாக்கம் மைதானம் நடந்து போகும் தூரம். ஆகையால் சேப்பாக்கத்தில் நடப்பதைப் பற்றிப் பேச நமக்கு அதிகாரம் இருக்கிறது! தர்க்க சாஸ்திரம் இதை ஒப்புக்கொள்ளுமோ என்னவோ, திண்ணை ஒப்புக்கொண்டது.

1967-ம் ஆண்டுப் பொங்கல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜனவரி 12-ந் தேதி மாலை ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். தமிழ்நாடே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அடுத்த மாதம் தேர்தல் வேறு. மறுநாள் 13-ந் தேதி சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுடன் டெஸ்ட் தொடங்கியது. செய்திக்காக ரேடியோவை வைத்தவர்கள், செய்தி முடிந்ததும் அதை அணைக்க மனமில்லாமல் கிரிக்கெட்டையும் கேட்டார்கள். ஆடுகிறவர்களின் பெயர்களை வாசித்தபோது வாத்தியார் முகம் கறுத்தது. வெங்கட்ராகவன் பெயர் அதில் இல்லை.

“என்ன ஓய் இது அநியாயம்! சொந்த ஊர்ப் பிள்ளையைப் பொங்கலும் அதுவுமா வெளியிலே உட்கார வெச்சுட்டு, பெங்களூர்க்காரனுக்கு இலை போட்டிருக்கானே!” என்றார்.

வெங்கட்ராகவன் சென்னைப் பையன். 1965-ல் நியூஸிலாந்துக்கு எதிராக டில்லியில், இருபது வயது நிரம்பும் முன்பே, ஒரு இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு எட்டுப் பேரையும் மறு இன்னிங்ஸில் நாலு பேரையும் வீழ்த்தியவர். 1966 டிசம்பரில் பம்பாய் டெஸ்டில் ஆடியவர். அவரை நிறுத்திவிட்டுச் சென்னையிலேயே பிரசன்னாவைக் கொண்டுவந்தார்கள். பிரசன்னா 1962-ல் இதே சென்னையில் முதல் டெஸ்ட் ஆடியவர். அதே ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போய்வந்தார். பிறகு இன்ஜினீயரிங் படிப்பு என்று ஒதுங்கி, ஐந்து ஆண்டு கழித்து இப்போது திரும்பியிருந்தார். இருவரும் ஆப் ஸ்பின் போடுகிறவர்கள், இருவரும் இன்ஜினீயர்கள். ஒரு உறையில் இரண்டு கத்தி.

கத்திகள் ஒரே மாதிரியானவை அல்ல. வெங்கட் உயரமானவர், ஓர் இடத்தைக் குறி வைத்தால் நாள் முழுவதும் அங்கேயே போடுவார், ரன் கொடுக்க மாட்டார், மட்டைக்கு அருகே நின்று கேட்ச் பிடிப்பதில் கெட்டிக்காரர். பிரசன்னா குள்ளம். பந்தை மேலே தூக்கிப் போட்டு, ‘வா, வந்து அடி’ என்று ஆசை காட்டுவார். ஆடுகிறவன் இறங்கி வந்தபின், பந்து அவன் நினைத்த இடத்துக்கு ஒரு முழம் முன்னால் விழும். முன்னவர் கணக்குப்பிள்ளை; பின்னவர் சூதாடி.

“கணக்குப்பிள்ளை இருந்தாத்தான் குடும்பம் நிலைக்கும்” என்பது வாத்தியார் கட்சி. “ஆள் விழணும்னா செலவு பண்ணத்தான் வேணும்” என்பது மிராசுதார் கட்சி. மிராசுதார் தம் கொள்கையின்படியே நடந்து பாதி நிலத்தை விற்றிருந்தார் என்பதை வெடிக்கடைக்காரர் மெல்ல நினைவூட்டினார். அந்த டெஸ்டின் கடைசி நாளில் ஏழு விக்கெட் விழுந்தபின், ஸோபர்ஸும் கிரிபித்தும் கடைசிவரை நின்று ஆட்டத்தைச் சமமாக்கிவிட்டார்கள். “வெங்கட் இருந்திருந்தால்!” என்றார் வாத்தியார். ‘இருந்திருந்தால்’ என்ற சொல் இல்லையென்றால் திண்ணைகளுக்கே வேலை இல்லை.

அன்று அவர் பட்ட கோபத்துக்குப் பழைய கணக்கு ஒன்று இருந்தது. எனக்கு அது வரலாற்றுப் பாடமாக வந்து சேர்ந்தது. 1934 நவம்பர் 4-ந் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னையும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஏ.ஜி. ராம்சிங் என்ற இடக்கைக்காரர் இரண்டு இன்னிங்ஸிலுமாக 35 ரன்னுக்குப் பதினொரு பேரை எடுத்தார். அமிருதசரஸில் பிறந்து சென்னையைச் சொந்த ஊராக்கிக்கொண்ட அந்த மனிதர் கடைசிவரை ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அவர் பிள்ளைகள் கிரிபால் சிங், மில்கா சிங் இருவரும் இந்தியாவுக்காக ஆடினார்கள். அந்த வீட்டுக்கு வர வேண்டிய பாக்கி ஒரு தலைமுறை தாமதித்து வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வி.வி. குமார். லெக் ஸ்பின் போடுகிறவர். 1961 பிப்ரவரியில் டில்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு ஐந்து விக்கெட். அதே ஆண்டு நவம்பரில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டாவது டெஸ்ட், விக்கெட் விழவில்லை. அதோடு சரி. அதற்குப் பின் பல ஆண்டுகள் ரஞ்சியில் வீசிக்கொண்டே இருந்தார். முதல் தர ஆட்டங்களில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 599. டெஸ்ட் இரண்டே இரண்டு. விருந்துக்குக் கூப்பிட்டு, பாயசம் வருமுன் எழுப்பிவிட்ட மாதிரி.

இந்தக் கதைகளையெல்லாம் வாத்தியார் சொல்லி முடித்தபோது, அதுவரை வாய் திறக்காமல் இருந்த குத்தகைக்காரப் பெரியவர் சொன்னார்: “வாத்தியாரையா, மூணு மாசப் பயிருக்கு மூணு வாரத்திலே நாத்துப் பறிக்கணும்; அஞ்சு மாசப் பயிருக்கு அஞ்சு வாரம் விடணும். முன்னாடி பறிச்சா தண்ணியிலே அழுகும். பின்னாடி பறிச்சா தூர் கட்டாது. நட்டுட்டு மறுநாளே பிடுங்கிப் பார்த்தா எந்த நாத்துதான் பிழைக்கும்?”

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு வழக்கம்போல் சண்டை தொடர்ந்தது.

பிற்காலத்தில் நடந்தவை பெரியவர் வாக்குக்குச் சாட்சி சொல்லின. எல். சிவராமகிருஷ்ணன் 1983-ல் பதினேழாவது வயதில் டெஸ்ட் ஆடினார். 1984-ல் பம்பாயில் இங்கிலாந்தின் பன்னிரண்டு விக்கெட்டுகளை ஒரே ஆட்டத்தில் சாய்த்து இந்தியாவை ஜெயிக்க வைத்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. 1986 ஜனவரியில், இருபதாவது வயதில், அவருடைய டெஸ்ட் வாழ்வு ஒன்பது ஆட்டங்களோடு முடிந்துவிட்டது. முதிராத நாற்று. நேர்மாறாக, பிரசன்னா ஐந்து வருஷம் படிப்பில் ஒதுங்கியிருந்தாரே, அது அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. இருபது டெஸ்டில் நூறு விக்கெட் எடுத்தார். இந்தியரில் அதைவிட விரைவாக நூறைத் தொட்டவர் 2013 வரையில் இல்லை. அந்த ஆண்டு அதை முறியடித்தவர் சென்னைக்காரரான அஸ்வின். வாத்தியார் இருந்திருந்தால் தெருவுக்கே காப்பி வாங்கிக் கொடுத்திருப்பார்.

இளம் பந்து வீச்சாளரைப் பற்றிய அவசரம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் பனிக்காலம் முழுவதும் இதையே பேசுகிறார்கள். அங்கே பந்து எறிகிறவன்தான் ஆட்டத்தின் அச்சாணி. ஒரு கோஷ்டி தன் ஆளை இன்னொரு கோஷ்டிக்குக் கொடுத்து வேறு ஆளை வாங்கிக்கொள்ளும். உழவு மாட்டை மாற்றிக்கொள்வது போலத்தான். நியூயார்க் மெட்ஸ் கோஷ்டியில் நோலன் ரையன் என்று ஒரு பையன் இருந்தான். வேகம் அபாரம், குறிதான் நிலைக்கவில்லை. 1971 டிசம்பரில், அவனுக்கு 24 வயதில், அவனோடு இன்னும் மூவரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கலிபோர்னியாவிலிருந்து பெயர் பெற்ற ஜிம் பிரகோஸி என்ற ஆட்டக்காரரை வாங்கினார்கள். பிரகோஸியால் மெட்ஸுக்குப் பலன் இல்லை. ரையனோ 1993 வரையில் ஆடி, 5,714 பேரைப் பந்தாலேயே வெளியேற்றினார்; அந்த நாட்டுச் சரித்திரத்தில் அதற்கு மேல் யாரும் எடுத்ததில்லை. அதே 1971-ல் நம் திண்ணையிலும் பெரிய கூத்து. வெங்கட் உபதலைவராக இங்கிலாந்து போய் மூன்று டெஸ்டும் ஆடினார். பிரசன்னாவுக்கு ஒன்றுகூட இல்லை. ஆகஸ்ட் 24-ந் தேதி ஓவலில் இந்தியா ஜெயித்தபோது வாத்தியார் தெருவில் இறங்கி நடந்தார். மிராசுதார் வெளியே வரவில்லை.

நானும் வாத்தியார் கட்சிதான். பிரசன்னா என்றாலே எனக்கு ஆகாது. இதில் ஒரு பாவம் கலந்திருந்ததை நான் உணர்ந்தது 1975-ல். கும்பகோணத்தில் ரெயிலேறிச் சென்னைக்குப் போய்ப் பொங்கல் டெஸ்ட் பார்த்தேன். முந்தின மாதம்தான் டில்லியில் வெங்கட் இந்தியாவுக்குத் தலைவராக ஆடியிருந்தார். பட்டோடி திரும்பி வந்ததும், தலைமையோடு இடமும் போயிற்று. சேப்பாக்கத்தில் மறுபடியும் வெங்கட் வெளியே, பிரசன்னா உள்ளே. எட்டு வருஷத்துக்கு முந்தின அதே அநியாயம். ‘இந்த ஆள் அடி வாங்கட்டும்’ என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிரசன்னா முதல் இன்னிங்ஸில் ஐந்து, அடுத்ததில் நாலு, ஆக ஒன்பது விக்கெட்டுகளை எடுத்தார். முதல் இன்னிங்ஸின் 190 ரன்னில் விசுவநாத் ஒருவரே ஆட்டமிழக்காமல் 97. இந்தியா நூறு ரன்னில் வென்றது. பந்து மேலே போய், தயங்கி, இறங்கியதைப் பார்த்தபோது என் கைகள் என்னைக் கேட்காமலே தட்டின. இத்தனை நாள் ஒருவரை நேசிப்பதற்காக, கண்ணால் காணாத இன்னொருவரை வெறுத்திருக்கிறேன் என்று வெட்கமாயிருந்தது.

பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட் நால்வரும் சேர்ந்து ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று. 1967 ஜூலையில் பர்மிங்ஹாமில். அதிலும் தோல்வி. பிரசன்னா 49 டெஸ்டில் 189 விக்கெட். வெங்கட் 57 டெஸ்டில் 156. ஒருவர் ஆடிய டெஸ்ட் பல, மற்றவர் உட்கார்ந்திருந்த டெஸ்ட். இந்தக் கணக்கை எந்த அட்டவணையும் காட்டுவதில்லை.

இப்போது திண்ணைகள் இடிந்து கம்பிக் கதவுகள் வந்துவிட்டன. குழு டீக்கடைக்கு மாறியிருக்கிறது. பேச்சும் மாறியிருக்கிறது. 2008 பிப்ரவரியில் மும்பையில் ஆட்டக்காரர்களை ஏலம் போட்டார்கள். தோனியைச் சென்னை 15 லட்சம் டாலருக்கு எடுத்தது. எங்கள் பக்கத்துப் பருத்தி ஏலம் மாதிரிதான் என்று வெடிக்கடைக்காரர் மகன் சொன்னார். ஏலத்தால் கெடுதல் மட்டுமே என்று சொல்ல மாட்டேன். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை 2017-ல் மூன்று கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடிவிட்டார். சேப்பாக்கத்துக்கு நடந்து போகும் தூரத்தில் பிறக்காதவனுக்கும் இலை விழுந்தது நல்லதுதானே? 2025 நவம்பரில் பல வருஷம் சென்னைக்கு ஆடிய ஜடேஜாவையும், ஸாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து ஸஞ்சு ஸாம்ஸனை வாங்கியபோது டீக்கடை இரண்டுபட்டது. பிள்ளைகள் கைப்பேசியை வைத்துக்கொண்டு லாப நஷ்டக் கணக்குப் போட்டார்கள். வாத்தியார் குரலும் மிராசுதார் குரலும் அப்படியே கேட்டன.

வெங்கட்ராகவன் ஆட்டத்தை விட்டபின் நடுவரானார். 1993 முதல் 2004 வரை 73 டெஸ்டுகளில் வெள்ளைக் கோட்டுடன் நின்றார், ஆடியதைவிட அதிகம். தம்மைப் பற்றி ஊரெல்லாம் தீர்ப்புச் சொல்லக் கேட்டவர், இரு தரப்புக்கும் பொதுவாக நின்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு அவ்வளவு பக்குவம் இல்லை. டீக்கடையில் பிள்ளைகள், “தாத்தா, யாரை எடுக்கலாம், யாரை அனுப்பலாம்?” என்று கேட்டால், எடுக்கிறவனைப் பற்றி இப்போதும் உற்சாகமாகப் பேசுகிறேன். பிறகு, “அனுப்புகிற பையனுக்கு வயது என்ன? எத்தனை ஆட்டம் கொடுத்தீர்கள்?” என்று கேட்கிறேன். பெரும்பாலும் அது அவர்களுக்குத் தெரிவதில்லை. ஒருவன் கைப்பேசியில் தேடத் தொடங்குகிறான். நான் டீயைக் குடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.