ஆயா தைச்ச விரிப்பும் அரிக்கமேட்டில் கிடைக்காத துணியும்

எங்க வீட்டு அலமாரியில ஒரு விரிப்பு இருக்கு. ஆயா தைச்சது. நைந்துபோன ரெண்டு நூல் பொடவையை அடுக்கி, மேல தாத்தாவோட காக்கிச் சட்டையை வெட்டி ஒட்டுப் போட்டிருக்காங்க. சட்டைப் பை கூட அப்படியே இருக்கு. சின்ன வயசுல அதுக்குள்ள மிட்டாய் ஒளிச்சு வைப்பேன்.

இப்படி ஒரு விரிப்புக்கு வரலாறு தேட முடியுமான்னு பார்த்தேன். தவளக்குப்பத்திலிருந்து வண்டியில கொஞ்ச நேரம் போனா அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். மணிகள், ரோமானிய மண்பாண்டங்கள் எல்லாம் வந்தன. சில செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயம் போடும் தொட்டின்னு அவர் நினைச்சார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதை முழுசா ஏத்துக்கல. துணி? நம்ம மண்ணோட ஈரத்துல பருத்தி தாங்காது. அதே காலத்து இந்தியப் பருத்தித் துணி எகிப்தில், செங்கடல் ஓரம் பெரெனிகே துறைமுகத்துல கிடைச்சது. கப்பல் பாய்த் துண்டு உட்பட. எங்கேன்னா, குப்பை மேட்டில்! பாலைவனம் காப்பாத்திக் கொடுத்த கந்தல்.

மண் மட்டும் காரணம் இல்ல, நம்ம வீடுகளும்தான். பொடவை கிழிஞ்சா முதல்ல தூளி. பிறகு குழந்தைக்கு இடுப்புத் துணி. துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன துணிதான் பச்சைக் குழந்தை தோலுக்கு உறுத்தாது. அதுக்கப்புறம் விரிப்பு, அடுப்புல பாத்திரம் இறக்குற கரித்துணி, வாசல்ல மிதியடி, கடைசியா விளக்குத் திரி. எரிஞ்சு தீர்ந்துடும். மிச்சம்னு ஒண்ணுமே இல்லாத கணக்கு. அருங்காட்சியகத்துக்கு எதை வைப்பீங்க?

வங்காளத்துல கொஞ்சம் தப்பிச்சது. பழைய சேலை அடுக்குல பூத்தையல் போட்ட 'காந்தா'வை குருசதய் தத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் பேர்ல கொல்கத்தாவில் அருங்காட்சியகமே இருக்கு. காந்தா, நம்ம 'கந்தை' ரெண்டும் ஒரே வேர்ச்சொல். நம்ம கந்தையில பூ இல்ல, அதனால யாரும் சேர்க்கல.

இதுல எனக்கு உறுத்துற விஷயம் வேற. புதுச்சேரி துணி ஊர். 19-ஆம் நூற்றாண்டுல இங்கே நீலச்சாயம் போட்ட 'கினே' துணி செனகல் வரைக்கும் போய், அங்கே கோந்து வியாபாரத்துல காசு மாதிரியே புழங்கிச்சு. 1898-ல் வந்த ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ், நமக்கு ரோடியர் மில். தாத்தா அங்கேதான் தறி ஓட்டினார். 1936 ஜூலை 30 மில் வேலைநிறுத்தத்துல துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்தாங்க. அத்தனை துணி நெய்த ஊர்லயும் தொழிலாளி வீட்டுல ஒரு பொடவை திரியாகுற வரைக்கும் உழைச்சுது. துணி அவ்வளவு அருமை. இதைச் சும்மா 'மறுசுழற்சி'ன்னு கொண்டாட எனக்கு மனசு வரல.

2020 ஏப்ரல் 30-ல் மில்லை மூடிட்டாங்க. இப்போ அம்மா கட்டுறது பாலியஸ்டர். போன மாசம் அதைக் கிழிச்சு கரித்துணி ஆக்கினேன். குக்கர் பக்கத்துல போனதுமே உருகி ஒட்டிக்கிச்சு. தண்ணியும் உறிஞ்சாது, திரியும் ஆகாது. சங்கிலி அங்கேயே அறுந்து போச்சு.

இந்த மாதிரி விரிப்பை உங்க வீட்டுல என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க? பாட்டி, ஆயா யாராவது இருந்தா அவங்க குரல்லயே பதிவு பண்ணி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல போடுறேன்.