தற்காலிகம் என்னும் சொல்: போர்க்காலப் புத்தளத்தின் குடியமைப்பு பற்றிய சில குறிப்புகள்

போர்க்கால நகரமைப்பு எனும்போது இடிந்த நகரங்களை மீளக் கட்டுதலையே அறிஞர் பெரிதும் கருதுவர். போர்முனைக்கு வெளியே இருந்த ஊரொன்று போரினால் உருமாறிய வரலாறு அத்துணைக் கவனம் பெறுவதில்லை. புத்தள மாவட்டக் கரையோரம் அத்தகையதொரு களமாகும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. ஏறத்தாழ 75,000 பேர் எனக் கணிக்கப்படும் அம்மக்களுட் பெரும்பாலோர் புத்தளத்தை வந்தடைந்தனர். மன்னார்த் தீவினர் பலர் கடல்வழியே கற்பிட்டியில் இறங்கினர். உள்ளூர் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோப்புகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டனர்.

ஓலைக் கொட்டில்கள் நிறைந்த அக்குடியிருப்புகள் நலன்புரி நிலையங்கள் எனப்பட்டன. விரைவில் திரும்பிச் செல்வோருக்கு நிலையான கிணறும் வீதியும் எதற்கென்னும் எண்ணம் நிலவியது. தற்காலிகம் என்னும் அச்சொல்லே திட்டமிடலுக்குத் தடையாயிற்று என நாம் கருதுகின்றோம். கற்பிட்டிக் குடாநாட்டின் மணலடியிலே, உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்கும் நன்னீரே குடிநீராகும். மிகுதியாக இறைப்பின் உப்பேறும். உரமும் மலக்குழிக் கசிவும் அதனை எளிதில் மாசுபடுத்தும். இத்தகைய நிலத்தில் நெருங்கிய குடியேற்றம் முன்னேற்பாட்டை வேண்டி நின்றது.

வந்தோருட் பலர் வெங்காய, மிளகாய்த் தோட்டங்களில் நாட்கூலிகளாயினர். கூலி, காணி, பாடசாலை இடம் ஆகியவற்றிற்கான போட்டி வளர்ந்தபோது விருந்தோம்பல் மனக்கசப்பாக மாறலாயிற்று. இதனை இரு சாராரின் குணக்குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. வறிய ஊரொன்றின் வளங்களைப் பெருக்காது, பகிருமாறு மட்டும் விட்டதன் விளைவே அது.

2007 இல் உலக வங்கி 3.2 கோடி அமெரிக்க டொலர் நிதியுடன் புத்தள வீடமைப்புத் திட்டத்தை அங்கீகரித்தது. வீட்டுடன் குடிநீரும் காணி உரித்தும் அதில் இடம்பெற்றமை போற்றத்தக்கது. எனினும் அதற்குள் 16 ஆண்டுகள் கழிந்து, கொட்டிலிற் பிறந்த குழந்தைகள் வளர்ந்துவிட்டிருந்தனர்.

2009 இல் போர் முடிந்தபின், திரும்புவதா தங்குவதா என்னும் வினா எழுந்தது. பலருக்கு வேர் வடக்கிலும் வாழ்வு புத்தளத்திலுமாக அமைந்துவிட்டது. திரும்பும் உரிமையும் தங்கும் உரிமையும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. வந்தவர் எத்தனை நாள் இருப்பர் என வினவாது, இருக்கும் நாளெல்லாம் மாந்தராய் வாழ வழி செய்வதே சமூக நலன் நாடும் நகரமைப்பு என்பது இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.