மரச்சட்டக் காரின் மறுவாழ்வு

பிறமொழிச் சொற்களைத் தமிழாக்கும் தொழிலில் உள்ள நமக்கு 'ஸ்டேஷன் வாகன்' என்ற பெயர் ஒரு சிறு சோதனை. 'நிலைய வண்டி' என்று எழுதினால் ரயிலடியில் காத்து நிற்கும் ஜட்கா வண்டிதான் நினைவுக்கு வரும். ஆராய்ந்து பார்த்தால் அந்த நினைவு தவறும் அன்று. அமெரிக்காவில் ரயிலிலிருந்து இறங்கிய பிரயாணிகளையும் அவர்தம் பெட்டி படுக்கைகளையும் ஏற்றிச் செல்லப் பிறந்த வண்டியே அது. அதையே ஆங்கிலேயர் 'எஸ்டேட் கார்', அதாவது பண்ணைக் கார், என்றனர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே: கூரை பின்கோடி வரை நீண்டிருக்கும்; பின் ஆசனத்தை மடக்கினால் சாமான்களுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

தொடக்க காலத்தில் இவ்வண்டிகளின் உடல் மரத்தால் ஆனது. கார்த் தொழிற்சாலை அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் தரும். தச்சர்கள் மேற்கட்டு அமைப்பர். 1929இல் ஃபோர்டு கம்பெனி தன் மாடல் ஏ காரிலேயே மரக் கட்டுள்ள ஸ்டேஷன் வாகனை விற்கத் தொடங்கியது. அதற்கு வேண்டிய மரத்தை மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுண்டன் என்னும் ஊரில் இருந்த தன் ஆலையில் அறுத்துக்கொண்டது. 1946இல் வில்லிஸ் கம்பெனி முழுவதும் எஃகாலான வாகனை வெளியிட்டதும் மரத்தின் காலம் முடியத் தொடங்கியது. 1953ஆம் ஆண்டு பியூக் வண்டியோடு அமெரிக்கா மர உடலுக்கு விடை கொடுத்தது. வியப்பு என்னவெனில், அதே 1953இல் இங்கிலாந்தில் மரச்சட்டத்தோடு ஒரு புதிய வண்டி பிறந்தது. அதுவே மோரிஸ் மைனர் டிராவலர்.

மைனர் காரை உருவாக்கிய அலெக் இஸிகோனிஸ் ஸ்மிர்னா நகரில் 1906இல் பிறந்தவர். 1922இல் போரினால் ஊரை விட்டு வெளியேறி, பின்னர் இங்கிலாந்தில் குடியேறியவர். பிறந்த ஊரைப் பிரிந்து வேற்றூரில் தொழில் கற்றுப் பெயர் எடுத்த அவர் கதை, தமிழகத்தை விட்டுப் பல மாநிலங்களில் வாழும் நமக்கு அந்நியமாகத் தோன்றாது. அவர் மாதிரி வண்டியைக் கட்டி முடித்த பின், அதன் அகலம் போதவில்லை என்று கண்டார். வண்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கச் செய்து, பாதிகளைத் தள்ளி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் சேர்த்ததும் திருப்தி ஏற்பட்டது. எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் பட்டையான மேடு இன்றும் அந்த நான்கு அங்குலத்தின் சாட்சி. 1948இல் லண்டன் மோட்டார்க் கண்காட்சியில் வெளிவந்த மைனர், பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் காராயிற்று.

டிராவலரின் முன்பாதி மற்ற மைனர் கார்களைப் போன்று எஃகு. தரைப்பகுதியும் எஃகே. ஆனால் கதவுகளுக்குப் பின்னே மேற்கட்டு முழுவதும் ஆஷ் மரச்சட்டம். கோடரிப் பிடிக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் ஐரோப்பியர் விரும்பிய மரம் அது; வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது. சட்டங்களின் இடையே அலுமினியத் தகடுகள். பின்னே இரட்டைக் கதவுகள். பார்ப்பவருக்கு அம்மரம் அலங்காரமாகவே தோன்றும். உண்மையில் அது வீட்டின் தூண் போன்றது. கூரையையும் பின்பக்கத்தையும் தாங்குவது அதுவே. இந்த ஒரு செய்தியில்தான் இவ்வண்டியின் அழகும் ஆபத்தும் அடங்கியுள்ளன.

பக்கக் கண்ணாடிகள் நகரும் பள்ளத்தில் மழைநீர் தேங்கும். அது மெல்ல இறங்கிக் கீழ்ச்சட்டத்தை நனைக்கும். வார்னிஷ் தேய்ந்த இடத்தில் மரம் கறுக்கும். பின்பு உள்ளுக்குள் உளுத்துப்போகும். மேலே பளபளப்பாக வார்னிஷ் பூசி, உள்ளே இற்றுப்போன சட்டத்தை மறைத்து விற்றவர்களும் உண்டு. 1971இல் டிராவலரின் உற்பத்தி நின்றது. புதிய மாடல்களில் கவனம் செலுத்திய கம்பெனிக்குப் பழைய வண்டியின் சட்டத்தைப் பற்றி அக்கறை கொள்ளக் காரணம் இல்லை. இலட்சக்கணக்கான பிற கார்களைப்போல இதுவும் இரும்புக் கடையில் முடிந்திருக்க வேண்டும்.

முடியாமல் காத்தவர்கள் அபிமானிகள். 1970களில் மைனர் வைத்திருப்போர் இங்கிலாந்தில் ஒரு சங்கமாகத் திரண்டனர். தச்சு அறிந்தவர் சட்டத்தின் அளவுகளை எடுத்து வைத்தார். பற்றவைப்பு அறிந்தவர் துருப்பிடித்த தரையை வெட்டி ஒட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் 'ட்ரனியன்' மூட்டுக்குக் காலம் தவறாமல் கிரீஸ் இடாவிட்டால் சக்கரமே மடங்கிவிடும் என்ற எச்சரிக்கை ஒருவர் வாயிலிருந்து ஆயிரம் பேர் செவிக்குப் போயிற்று. பாத் நகரில் சார்லஸ் வேர் என்பவர் மைனருக்கென்றே ஒரு பணிமனை நடத்தினார். புதுக் கார் வாங்கிக்கொண்டே இருப்பதைவிட, ஒரே காரைத் திருத்தித் திருத்திப் பல்லாண்டு ஓட்டுவதே சிக்கனம் என்பது அவர் வாதம். மைனர் கார்கள் மிகுதியாக ஓடிய இலங்கையிலேயே உதிரிப் பாகங்கள் செய்வித்து இங்கிலாந்துக்கு வருவிக்கவும் அவர் ஏற்பாடு செய்தார். ஒரு காலத்தில் கப்பலேறி வந்த கார், தன் பாகங்களைத் திரும்பக் கப்பலேற்றியது!

பழுதுபார்க்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எஃகு வேலை. வில்பட்டைகள் பொருந்தும் இடங்களும் தரையும் உறுதியானாலன்றி மரத்தைத் தொடக் கூடாது. வளைந்த தரையின்மேல் நேரான சட்டம் உட்காராது. பிறகு புதிய சட்டத்தைப் பசையின்றி வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும். கதவுகளைத் தொங்கவிட்டு இடைவெளி சமமாக உள்ளதா என்று சோதிக்க வேண்டும். அதன் பின்னரே பசை, திருகாணி, நீர்புகாப் பூச்சு, பல கை வார்னிஷ். ஒருவர் தனித்துச் செய்யக் கூடிய வேலை அன்று. கூரையைத் தூக்கிப் பிடிக்கவே நான்கு கைகள் வேண்டும். தவறைச் சுட்டிக் காட்ட இன்னும் இரண்டு கண்கள் வேண்டும்.

இங்கே அபிமானிகளிடையே ஒரு பழைய வழக்கு எழுகிறது. வண்டியைப் பிறந்தபடியே வைப்பதா, அல்லது நம் காலத்துக்கு ஏற்ப மாற்றுவதா? சிலர் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைக்கின்றனர். சிலர் 1098 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்குப் பதிலாக, அதே குடும்பத்தைச் சேர்ந்த 1275 எஞ்சினைப் பொருத்துகின்றனர். இன்றைய சாலையில் விரைவாக நிற்க முடியாத வண்டி, ஓட்டுபவருக்கும் எதிரே வருபவருக்கும் அபாயம் அன்றோ என்பது ஒரு தரப்பு. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எஞ்சுவது மைனரா என்பது மறுதரப்பு.

2018 மே மாதம் முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத நாற்பதாண்டு கடந்த கார்களுக்குப் பிரிட்டனில் ஆண்டுச் சோதனை கட்டாயம் இல்லை. சலுகைதான், ஆயினும் பொறுப்பு முழுவதையும் அது சொந்தக்காரர் தலைமேல் வைக்கிறது. நமக்குத் தோன்றுவது இது: வேண்டும்போது கழற்றி, பழையபடி ஆக்கக்கூடிய மாற்றம் வண்டிக்கு இழைத்த துரோகம் ஆகாது. மாறாக, உளுத்த சட்டத்தை வார்னிஷால் மறைத்துப் 'பழமை குன்றாதது' என்று சொல்வதே துரோகம். மரம் புதிதாயினும் அளவும் பொருத்தும் பணியும் உண்மையாயிருப்பின், அது அந்த வண்டியேதான்.

இந்த மரபு நமக்குத் தூரத்து உறவும் அன்று. மோரிஸ் மைனரே 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் நம் நாட்டில் ஓடியது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழி வந்ததே. டில்லியில் 1964இல் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை தொடங்கிய பழங்கார் ஊர்வலத்தை நேயர்களில் பலர் கண்டிருக்கக் கூடும். அவ்வூர்வலத்தில் பாராட்டுப் பெறுவது எஃகும் மரமும் மட்டும் அல்ல. ஆக்கியோர் கைவிட்ட பின்னும் அந்த வித்தையைக் கைவிடாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்த மனிதர்களின் ஒற்றுமையும் ஆகும். உங்கள் தெருவில் உறையிட்டு நிற்கும் பழைய அம்பாசடர் ஒன்று இருக்குமாயின், அதன் சொந்தக்காரரிடம் ஒரு நாள் பேசிப் பாருங்கள். எந்த மெக்கானிக் எதைக் கற்றுக் கொடுத்தார் என்ற வரலாறு அவரிடம் இருக்கும். எழுதி வைக்கப்படாத அத்தகைய வரலாறு, கேட்பவர் இருக்கும்வரைதான் நிலைக்கும்.